டோபி காட் துறையில் நின்ற நம் முன்னோர்

தேக்காவுக்கு அடுத்த இரயில் நிலையம் டோபி காட். மூன்று தடங்கள் கூடுமிடமாதலின், நாள்தோறும் பல்லாயிரம் மக்கள் அந்நிலையத்தில் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கின்றனர். பண்டிகைக்குத் துணி எடுக்க வரும் நகரத் தமிழரும், உறவினரைக் காண எல்லை கடந்து வரும் தோட்டத் தமிழரும் அவ்வழியே செல்லுகின்றனர். பலகையிலுள்ள பெயரைப் படிக்கின்றனர்; வாயாரச் சொல்லவும் செய்கின்றனர். ஆனால் அப்பெயர் யாரைக் குறிக்கின்றது என்று நின்று கேட்பவர் சிலரே.

டோபி என்பது துணி வெளுப்பவரைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல். காட் என்பது நீர்த்துறை. அக்காலத் தமிழர் இவ்விடத்தை வண்ணான் தெரு என்றே வழங்கினர். இந்நகரின் மற்றப் பெயர்களோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்திலுள்ள ஸ்டாம்போர்டு சாலை ராபிள்ஸ் துரையின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. எதிரேயுள்ள குன்று, இந்தியாவை ஆண்ட கானிங் பிரபுவின் பெயரைப் பெற்றிருக்கின்றது. அவ்விரு பெயர்களுக்கும் உரிய மனிதர் இன்னின்னார் என்று பள்ளிப்பிள்ளையும் சொல்லும். டோபி காட் என்னும் பெயருக்கு உரியவர் யார்? அவர் ஒருவரல்லர், பலர். அவருள் ஒருவரது பெயரையேனும் நம்மாற் சொல்லக்கூடுமா? இக்கட்டுரை அக்கேள்வியைப் பற்றியதே.

முன்னோரைத் தேடும் விருப்பம் இக்காலத்தில் எங்கும் பெருகி வருகின்றது. அரசர் வழியினரும் நிலக்கிழார் வழியினரும் மட்டுமே தலைமுறைப் பட்டியல் வைத்துக்கொண்டிருந்த காலம் போய், கூலி வேலை செய்தவரின் பேரப்பிள்ளைகளும், 'எம் பாட்டன் எங்கே உழைத்தான்?' என்று கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். இங்கிலாந்தில் டார்பி என்னும் ஊரில் லோம் சகோதரர்கள் 1721-ஆம் ஆண்டளவில் கட்டி முடித்த பட்டாலை ஒன்று உண்டு. ஆற்று நீரின் விசையால் பட்டு நூலை முறுக்கிய அவ்வாலை, அந்நாட்டின் தொழிற்சாலைகளுக்கெல்லாம் முன்னோடி என்று எண்ணப்படுகின்றது. அது நின்ற இடத்தில் 2021-ஆம் ஆண்டில் தொழிற்கலைக் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது. தம் முன்னோர் பட்டு நூற்ற இடத்தைக் காண விரும்புவோர்க்குச் சென்று நிற்க ஓரிடமாவது உண்டு.

அவ்வாலையில் உழைத்தோரின் வாழ்வு நமக்கு எவ்வாறு தெரிய வந்தது? வில்லியம் ஹட்டன் என்னும் சிறுவன் 1730-ஆம் ஆண்டில், தன் ஏழாவது வயதில், அங்கே வேலைக்குச் சேர்ந்தான். இயந்திரம் எட்டாத உயரத்தில் இருந்தமையால் அவன் கால்களில் உயர்ந்த கட்டைகளைக் கட்டி நிறுத்தினர். விடியுமுன் எழுந்ததையும், பிரம்படி பட்டதையும் அவன் மறக்கவில்லை. பின்னாளிற் புத்தக வியாபாரியாகி, 1791-ஆம் ஆண்டில் தன் ஊரின் வரலாற்றை எழுதியபோது, அவ்வாலையைப் பற்றியும் எழுதி வைத்தான். அவனோடு வேலை செய்த குழந்தைகள் பல. எழுதக் கற்று, எழுதும் வாய்ப்பும் பெற்ற ஒருவனால் அவர்களனைவருடைய துன்பமும் இன்று நமக்குத் தெரிகின்றது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு, நமது துறைக்குத் திரும்புவோம்.

சிங்கப்பூரில் 1819-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கொடி ஏறியபோது, அதனைக் காக்க வங்காளப் படையின் சிப்பாய்கள் உடன் வந்தனர். படை செல்லுமிடமெல்லாம் அதனைச் சார்ந்து பணியாட்களும் பால்காரரும் துணி வெளுப்போரும் செல்வது அக்கால வழக்கம். பின்னர்ச் சென்னைப் படையினரும் இங்கே காவலுக்கு அனுப்பப்பட்டனர். 1867-ஆம் ஆண்டு வரை இத்தீவின் ஆட்சி கல்கத்தாவைச் சார்ந்தே நடந்தது. தமிழர் பலர் வாழ்ந்த ஊரில் ஒரு துறைக்கு இந்துஸ்தானிப் பெயர் நிலைத்ததன் காரணம் இதுவேயாகலாம். பெயரைப் பதிவு செய்த அதிகாரிகளுக்குப் பழகிய மொழி அதுவே. உழைத்தவர்களோ வங்காளத்தினின்று வந்தோரும் சென்னை மாகாணத்தினின்று வந்தோருமாக இரு திறத்தார்.

அவர்கள் துணி வெளுத்த நீர் பிராஸ் பாசா என்னும் சிற்றாறு. நனைந்த அரிசி என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். இன்று அது ஸ்டாம்போர்டு கால்வாய் என்னும் பெயரோடு பெரும்பாலும் சாலைக்கடியில் மறைந்து ஓடுகின்றது. இன்று கிறிஸ்தவ வாலிபர் சங்கக் கட்டடமும் இரயில் நிலையமும் இருக்கும் பக்கத்து வெளியெல்லாம் அன்று துணி உலர்த்திய புல்வெளி. சற்றே கிழக்கில், பிராஸ் பாசாவில், இந்தியக் கைதிகளின் பெருஞ்சிறை இருந்தது. 1873-ஆம் ஆண்டில் அம்முறை ஒழிக்கப்படும் வரை, அக்கைதிகள் இந்நகரின் சாலைகளை அமைத்தனர். ஆண்டுரு தேவாலயத்தைக் கட்டினர். இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையையும் எழுப்பினர். ஒருபுறம் விலங்கு பூட்டிய இந்தியர் கல் சுமக்க, மறுபுறம் விலங்கில்லாத இந்தியர் கல்லில் துணி அடித்தனர். அக்கல்லோசையும் இக்கல்லோசையும் கேட்டுக்கொண்டே இந்நகரம் வளர்ந்தது.

வெப்ப நாட்டில் துரைமார்கள் வெள்ளை உடை உடுத்தனர். ஒரு நாள் உடுத்ததை மறுநாள் உடுத்தலாகாது. ஆதலின் அவர்களது மதிப்பு முழுவதும் துறையில் நின்றவன் கையில் இருந்தது என்று சொன்னாலும் மிகையாகாது. அவ்வெண்மை எளிதில் வந்ததன்று. வீடுதோறும் சென்று அழுக்கைப் பெற்றுப் பொதி கட்டி வருதல் வேண்டும். தரம் பிரித்து உவர்மண் கரைசலில் தோய்த்து, வெள்ளாவிப் பானையின்மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்தல் வேண்டும். விடியற்காலையில் இடுப்பளவு நீரில் நின்று துறைக்கல்லில் அடித்து, அலசி, நீலமிட்டு, கஞ்சி தோய்த்து, வெயில் பார்த்து உலர்த்துதல் வேண்டும். பட்டாயின் அடித்தல் ஆகாது. பூந்திக்கொட்டை நுரையில் மெல்லக் கசக்கி நிழலில் உலர்த்துவர். அதன்பின் கரி நிரப்பிய இஸ்திரிப் பெட்டியைத் தள்ளுதல். சிங்கப்பூரில் மழைக்கு மாதமும் இல்லை, வேளையும் இல்லை. புல்வெளியில் விரித்த துணியை வாரிக்கொண்டு ஓடுவதும், மீண்டும் விரிப்பதுமாகவே பல பகல்கள் கழிந்திருக்கும்.

இத்தொழிலில் வியக்கத்தக்கது ஒன்று உண்டு. பல வீட்டுத் துணிகள் ஒரே வெள்ளாவியில் வேகும். ஒரே கல்லில் அடிபடும். ஒரே வெளியில் உலரும். ஆயினும் ஒரு வீட்டுச் சட்டை மற்றொரு வீட்டுக்குப் போகலாகாது. அதற்காகச் சேங்கொட்டையின் பாலைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் சிறு குறி இடுவர். கோடு, புள்ளி, வளைவு என்று வீட்டுக்கு ஒரு குறி. சேங்கொட்டை மை வெள்ளாவியிலும் போகாது. துணி நைந்தாலும் குறி நைவதில்லை. ஏட்டெழுத்து அறியாதவர் என்று இவரை இகழ்ந்த உலகம், இவர் தாமே ஓர் எழுத்துமுறை வைத்து, நூற்றுக்கணக்கான வீடுகளின் கணக்கை நெஞ்சில் நிறுத்தியிருந்ததை எண்ணிப் பார்த்ததுண்டா? ஊரிலுள்ளோர் உடைமைக்கெல்லாம் அழியாத குறி இட்டவரின் பெயரை எவரும் எங்கும் குறித்து வைக்கவில்லை. இதுவே நம் நெஞ்சை உறுத்துவது.

தோட்டப்புறத் தோழர்கள் தம் முன்னோரைத் தேடினால், சில தாள்களாவது அகப்படும். ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர்க்கு ஒப்பந்தச் சீட்டு இருந்தது. மலாயாவில் அம்முறை 1910-ஆம் ஆண்டில் ஒழிந்தது. கங்காணி வழி வந்தோர்க்குக் கங்காணியின் கணக்கு உண்டு. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் கூலி முகாம்கள் இருந்தன. தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதற்குக் கிராணியிடம் செக்ரோல் இருந்தது. அதில் பெயர் தப்பும் தவறுமாக இருக்கலாம்; ஆயினும் ஏதோ ஒரு பெயர் இருந்தது. சிறைப்பட்டவர்க்கும் பதிவேடு இருந்தது. ஆனால் தன் செலவிலோ உறவினர் செலவிலோ கப்பலின் மேல்தட்டில் படுத்து வந்து, எந்த முதலாளியின் கீழும் மாதச் சம்பளத்துக்கு அமராமல், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய தொழிலாளிக்கு எந்த ஏடு உண்டு? 1871-ஆம் ஆண்டு முதல் இங்கே குடிக்கணக்கு அறிக்கைகள் உள்ளன. அவை தலைகளை எண்ணின, பெயர்களைச் சொல்லவில்லை. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றித் தர்ஸ்டன் என்பார் 1909-ஆம் ஆண்டில் ஏழு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் துணி வெளுப்போரின் சடங்குகள் உள்ளன. ஆனால் துணி வெளுத்தவர் ஒருவரின் வாழ்க்கையை அங்கே தேடுதல் வீண். அரசாங்கம் குற்றவாளியின் பெயரை எழுதிக்கொண்டது. நேர்மையாய் உழைத்தவனை எழுத அதற்கு அவசியம் நேரவில்லை.

ஆயின், பழியெல்லாம் அரசாங்கத்தின்மீது சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாமா? ஏட்டில் இல்லாதது வீட்டில் இருக்கலாமே! பாட்டன் பேரனுக்குச் சொல்லி, பேரன் தன் பிள்ளைக்குச் சொல்லிவந்தால் நான்கு தலைமுறைச் செய்தி நிற்காதா? நிற்கும். ஆனால் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை ஒளிக்காமல் பேசுதல் வேண்டும்.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் துணி வெளுத்தல் தொழிலாக இருக்கவில்லை. கட்டாய ஊழியமாக இருந்தது. களத்தில் அளந்து போடும் தானியமும், மாலையில் வீட்டு வாசலில் நின்று பெறும் சோறுமே கூலி. பிறந்த வீட்டுத் துணியும், பூப்பெய்திய வீட்டுத் துணியும், பிணம் எடுத்த வீட்டுத் துணியும் அவரே எடுத்தல் வேண்டும். எடுத்த பின் அவரைத் தீட்டு என்று தள்ளுதலும் வேண்டும். தம் அழுக்கைப் போக்குகின்றவனை அழுக்கென்று சொன்ன அறிவை என்னென்பது! இதனினும் கொடியதும் உண்டு. தீண்டாதார் என ஒதுக்கப்பட்டோரின் துணியை வெளுத்தவர் புதிரை வண்ணார் எனப்பட்டனர். திருநெல்வேலிச் சீமையில் அவர்களைக் காண்பதும் தீட்டு என்று கொண்டு, பகலில் வெளிவரவொட்டாது இரவில் மட்டும் நடமாட வைத்திருந்தனர் என்னும் செய்தியை 1932-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இந்துப் பத்திரிகை வெளியிட்டது. எந்தப் புராண காலத்துச் செய்தியோ என்று எண்ண வேண்டா. சிங்கப்பூரில் மோட்டார் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த காலத்துச் செய்தி அது.

இத்தகைய நாட்டினின்று கப்பல் ஏறியவர் பிராஸ் பாசாத் துறையில் இறங்கி நின்றபோது அவர் வாழ்வில் என்ன மாறியது? கல் மாறவில்லை, வெயில் மாறவில்லை. ஆனால் கூலி காசாயிற்று. அழுக்குப் போட்டவர் ஆங்கிலேயரானாலும் சீனரானாலும் உருப்படிக்குப் பேசிய காசைக் கொடுத்தாக வேண்டும். விலை பிடிக்காவிட்டால் துணியைத் திருப்பிக் கொடுக்கலாம். வேறு வேலைக்கும் போகலாம். கடல் கடந்ததும் சாதி கரைந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அதுவும் ஒரு மூட்டையாக அதே கப்பலில் வந்தது. எனினும், கிராமத்தில் விடமுடியாத ஊழியம் இங்கே விடக்கூடிய தொழில் ஆயிற்று. இதுவே பெரும் மாறுதல். இதனைப் பெறுவதற்காக ஒருவர் ஊரையும் உற்றாரையும் பிரிந்து கடல் கடந்திருந்தால், அதனைச் சிறு செயல் என்று யார் சொல்லுவார்?

விட்டவர் வழிவந்தோர் படித்தனர்; அலுவலகங்களுக்குச் சென்றனர்; தம் பாட்டனின் தொழிலை வாய்திறந்து சொல்லாது விட்டனர். சொன்னால் பெண் கொடுப்பாரோ, எடுப்பாரோ என்னும் அச்சம். அவர்களை நாம் குறைகூறோம். சொல்லவொட்டாமற் செய்த சமூகத்தையே குறைகூறுவோம். பட்டாலையில் பிரம்படி பட்ட ஹட்டன் தன் ஏழைமையை வெளிப்படையாக எழுதினான்; அவன் வழிவந்தோர்க்கு அதனால் இழிவு நேரவில்லை. நம்மவர்க்கோ, முன்னோர் உழைத்தார் என்பதே மறைக்கத்தக்க இரகசியமாயிற்று. ஆகவே, டோபி காட்டின் வரலாறு இருமுறை அழிந்தது என்க. எழுதவேண்டியவர் எழுதாமையால் ஒருமுறை. சொல்லவேண்டியவர் சொல்ல அஞ்சியதால் மற்றொருமுறை.

இவ்விடத்தில் நம் இலக்கியப் பெருமை பேசுவோரை ஒன்று கேட்கின்றோம். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் துணி வெளுக்கும் பெண் வருகின்றாள்; ஆடையைக் கஞ்சிப் பசையில் தோய்த்து நீரில் அலசும் அவள் தொழிலைச் சங்கப் புலவர் கூர்ந்து நோக்கிப் பாடியிருக்கின்றனர். பெரிய புராணத்தில் காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர் வருகின்றார். மழையால் அடியவரின் கந்தை உலராது போகவே, சொன்ன வேளைக்குக் கொடுக்க முடியவில்லையே என்று துறைக்கல்லில் தலையை மோதிக்கொண்டவர் அவர். அவரது உருவைக் கோயிலில் வைத்துக் கும்பிடுகின்றனர். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, அதே தொழில் செய்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினர். ஏட்டில் போற்றி வீதியில் தூற்றும் இவ்விரட்டை நாக்கை விட்டொழித்தாலன்றி, எந்தத் தொழிலாளியின் பேரனும் தன் பாட்டன் பெயரை உரக்கச் சொல்லமாட்டான்.

இனிச் செய்யவேண்டுவது யாது? முதலாவது, அழியாமல் எஞ்சியவற்றைக் காணுதல். இடப்பெயர்கள் எஞ்சியுள்ளன. கும்பினியாரின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்தோர் வாழ்ந்தமையால் பெயர் பெற்றது சென்னை வண்ணாரப்பேட்டை. 1734-ஆம் ஆண்டில் நெசவாளரையும் அவரைச் சார்ந்த தொழிலாளரையும் குடியேற்றக் கண்டது சிந்தாதிரிப்பேட்டை. கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போன சென்னைத் துணியெல்லாம் இத்தகைய கைகளில் வெளுத்தே போயின. பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றின் கரையில் மற்றொரு டோபி காட் உண்டு. தமிழர் அதனை வண்ணான் துறை என்பர். அங்கே தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அத்தொழிலைச் செய்து வந்தன. தமக்கென ஓர் இராமர் கோயிலும் கண்டன. சிங்கப்பூரில் ஆறு மறைந்த இடத்தில் மனிதரும் சிதறினர். பினாங்கில் ஆறு நின்றதால் மனிதரும் சேர்ந்து நின்றனர். இங்குள்ள குடும்பத்தார் தம் வேரைத் தேடுகையில் பினாங்குப் பக்கமும் கேட்டுப் பார்த்தல் நலம். துறைமுகங்களுக்கிடையே தொழிலாளர் போக்குவரவு என்றும் இருந்தது.

டோபி காட்டில் இருந்த சிவன் கோயிலின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆர்ச்சர்ட் சாலையில் நின்ற அக்கோயில், இரயில் நிலையம் அமைப்பதற்காக 1983-ஆம் ஆண்டில் அவ்விடம் விட்டு நீங்கியது. சிராங்கூன் சாலையில் தற்காலிகமாக இருந்து, 1993-ஆம் ஆண்டில் கேலாங் கிழக்கில் குடமுழுக்குக் கண்டது. நிலையம் 1987-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கோயில் பெயர்ந்தபோது எந்த ஆண்டில் எங்கே போயிற்று என்பதை எழுதி வைத்தனர். துறை பெயர்ந்தபோது அங்கு நின்ற மனிதர் எங்கே போயினர் என்பதை எழுதுவார் இல்லை.

இரண்டாவது, வீட்டில் கேட்டல். முதியோர் இருக்கும்போதே கேளுங்கள். 'நம் சாதி என்ன?' என்று கேட்க வேண்டா; அக்கேள்வி வாயை மூடச் செய்யும், மூடவேண்டியதும் அதுவே. 'பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார்? யாரோடு வந்தார்? முதலில் எங்கே தங்கினார்? அன்றாடம் என்ன வேலை செய்தார்? கூலி எவ்வாறு வாங்கினார்? ஊருக்குப் பணம் யார் பெயருக்கு அனுப்பினார்?' என்று கேளுங்கள். பெயரைத் தந்தை பெயரோடும் ஊர்ப் பெயரோடும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டனைக் கேட்பதோடு நில்லாது பாட்டியைப் பற்றியும் கேளுங்கள்; வெள்ளாவி அடுப்புக்கு விறகு தள்ளியதும், துணி பிரித்ததும், கஞ்சி காய்ச்சியதும் பெண்களே. பழைய பெட்டியில் கடவுச்சீட்டு, பிறப்புப் பத்திரம், பணவிடைச் சீட்டு ஆகியவை இருப்பின், குப்பை என்று எறியாது காப்பாற்றுங்கள். பழைய துணியின் மடிப்போரத்தில் கறுத்த சிறு குறி ஒன்று கண்டால், அதுவும் ஒரு சாசனமே.

மூன்றாவது, பொது இடங்களிற் தேடுதல். 1887-ஆம் ஆண்டில் தோன்றிய சிங்கை நேசன் காலம் முதல் இங்கே தமிழ் இதழ்கள் வெளிவந்துள்ளன. பழைய செய்தித்தாள்கள் பலவற்றைத் தேசிய நூலக வாரியம் கணினி வழியே எவரும் செலவின்றிப் படிக்குமாறு வைத்திருக்கின்றது. தேசிய ஆவணக் காப்பகத்தார் 1979-ஆம் ஆண்டு முதல் பல தரத்து மக்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகின்றனர். அங்கே சென்று கேட்பதற்குப் பட்டமோ பதவியோ வேண்டுவதில்லை. தேடுவோர் பலராயின், அகப்படுவதும் பலவாகும். வெறுங்கையோடு திரும்பினாலும், தாம் கேட்டறிந்ததை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அதுவே முதல் ஏடாகும்.

இத்தேட்டத்தின் நோக்கம் யாது என்பதில் மட்டும் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். 'எங்கள் முன்னோர் அரசர், எங்கள் முன்னோர் மந்திரி' என்று பொய்ப் பட்டியல் புனைவதற்கு நமக்கு வரலாறு வேண்டா. பழைய தொழிலைப் பிள்ளைகளின் தலையில் மீண்டும் கட்டுவதற்கும் வேண்டா. அத்தொழிலினின்று விடுதலை பெறவே அவர்கள் கடல் கடந்தனர். செய்த உழைப்புக்கு உரிய மதிப்பைச் செலுத்தவே வேண்டும். இந்நகரின் செல்வத்தில் அவர்கள் பங்கு எவ்வளவு என்பதை அவர்கள் பேரப்பிள்ளைகள் தலைநிமிர்ந்து சொல்லவே வேண்டும்.

அடுத்த முறை அந்நிலையத்தில் இறங்கும்போது, உங்களுடன் வரும் பிள்ளைக்கு அப்பெயரின் பொருளைச் சொல்லுங்கள். இவ்விடத்தில் ஓர் ஆறு ஓடியது, நம்மவர் இடுப்பளவு நீரில் நின்றனர், ஊராரின் உடையை வெளுத்தனர், வீட்டுக்கு வீடு மறவாமல் குறியிட்டனர் என்று சொல்லுங்கள். அவர்களுள் உங்கள் பாட்டனும் ஒருவராயின், குரலைத் தாழ்த்தாமல் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.